வாசகர் வட்டத்திற்கு ஒரு நூல்

ஒருவர் தனியாக வாசிக்க நல்ல நூல்கள் ஏராளம். பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்க ஒரு நூலைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். லெம்பா பெர்த்தாமில் மாதந்தோறும் கடைசி ஞாயிறு மாலையில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள், காய்கறி பயிரிடுபவர்கள், ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன், ஓய்வு பெற்ற ஆசிரியர், இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இருவர் என எல்லாரும் கலந்த கூட்டம் அது. எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவரும் தவறாமல் வருவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால், எந்த நூலையும் நாங்கள் வாய்விட்டுத்தான் வாசிப்போம்.

ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலை வாசித்து முடித்த அன்று பாட்டி ஒரு கேள்வி கேட்டார்.

“இதெல்லாம் நடந்ததா, இல்ல அவரு கட்டினதா?”

“நடந்ததை வைத்துக் கட்டியது, பாட்டி,” என்றார் ஆசிரியர். அந்த விடை பாட்டிக்குப் போதவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அடுத்ததாகக் கற்பனை கலவாத நூல் ஒன்றை வாசிப்போம் என்று அன்றே முடிவு செய்தோம்.

அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொரு நூலைச் சொன்னார்கள். மாணவர்கள் அப்துல் கலாமின் ‘அக்கினிச் சிறகுகள்’ என்றனர். பாதிப் பேர் அதை முன்பே படித்திருந்தார்கள். நான் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலை முன்மொழிந்தேன். 1940ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் அத்தொடர் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு 84 வயது. 1942இல் அவர் மறைந்ததால் அது முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஓர் ஏட்டுச்சுவடிக்காக அவர் ஊர் ஊராக அலைந்ததை வாசித்தால் நமக்கே கால் வலிக்கும். ஆனால், நூலின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்த கடைக்கார அண்ணன், “மாதம் ஒரு மணி நேரம் வாசித்தால், இந்தப் பையன்கள் பல்கலைக்கழகம் முடித்துத் திரும்பும்போது நாம் பாதியைத் தாண்டியிருப்போம்,” என்றார். எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் அவர் கணக்கில் பிழையில்லை.

2013ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அணையிலிருந்து நள்ளிரவில் திறந்துவிடப்பட்ட நீர் எங்கள் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது. அதைப் பற்றிய நூல் வேண்டும் என்றார் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர். அப்படி ஒரு தமிழ் நூல் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை.

நீண்ட விவாதம் ‘எரியும் பனிக்காடு’ பற்றித்தான் நடந்தது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நூல் அது. இரா. முருகவேள் அதைத் தமிழாக்கம் செய்தார். பாலா இயக்கிய ‘பரதேசி’ திரைப்படம் அதைத் தழுவியதுதான். ஆசை வார்த்தை காட்டி மலைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்கள், கடனிலும் காய்ச்சலிலும் சிக்கிக்கொண்ட கதை. கொழுந்து பறித்த கைகள் அந்த மண்டபத்தில் பல இருந்தன. எல்லாரும் உடனே தலையசைத்தார்கள்.

“இதுவும் நாவல்தானே?” என்றாள் மாணவி.

“மருத்துவர் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார். அது பொய்யாகிவிடுமா?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“பொய் என்று நான் சொல்லவில்லை, ஐயா. நாவல் எழுதியவரிடம், ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்க முடியாது. வரலாறு எழுதியவரிடம் கேட்கலாம்.”

பதினாறு வயதுப் பிள்ளை சொன்ன இந்த ஒரு வாக்கியம் எங்கள் தேர்வுக்கு அளவுகோலாகிவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டால் விடை சொல்லக்கூடிய நூல் வேண்டும். அதோடு, காதால் கேட்கும்போது புரியவும் வேண்டும்.

அப்போதுதான் ஆசிரியர் தம் பையிலிருந்து சயாம்–பர்மா மரண இரயில் பாதையைப் பற்றி சீ. அருண் எழுதிய வரலாற்று நூலை எடுத்தார். அதை அவர் முன்பே கொண்டுவந்திருந்தும் வெளியில் எடுக்கத் தயங்கியிருக்கிறார். காரணத்தைப் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். பாட்டி திருமணத்திற்குப் பிறகு மலைக்கு வந்தவர். பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பானியர் ஆட்சியின்போது அவருடைய அப்பாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. அங்கு மாண்ட போர்க் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மலாயாவிலிருந்து சென்று மாண்ட தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. உலகப் புகழ்பெற்ற திரைப்படம் ஒன்றிலும் பாலத்தைக் கட்டுபவர்கள் பிரிட்டிஷ் கைதிகள்தாம்.

பாட்டியின் முன்னால் இந்த நூலை வாசிக்கலாமா? கூடாது என்றார்கள் சிலர். ஆறிய புண்ணை ஏன் கீற வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவரிடம் கேட்காமல் அவருக்காக முடிவெடுப்பது முறையன்று என்று எனக்குத் தோன்றியது. மாணவிதான் எழுந்து சென்று பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்டாள்.

“வாசி, கண்ணு. எங்கப்பா பேரு அதுல இருக்கானு பாப்போம்.”

அவர் பெயர் அதில் இல்லை. இருக்காது என்பதைப் பாட்டியும் எதிர்பார்த்திருப்பார் போலும். ஆனாலும், ஒவ்வொரு கூட்டத்திலும் முன்வரிசையில் வந்து அமர்ந்தார். ஊர்ப் பெயர் வரும் இடங்களில் மட்டும் வாசிப்பை நிறுத்தச் சொல்லி, அந்தப் பெயரை ஒருமுறை தாமும் சொல்லிப் பார்ப்பார். நான்காவது கூட்டத்தில் காஞ்சனபுரி என்ற பெயர் வந்தது.

“இங்கேயிருந்து அங்க போக பஸ் இருக்கா?” என்றார்.

வாசித்துக்கொண்டிருந்த மாணவன் நூலை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கைப்பேசியில் தேடத் தொடங்கினான்.