மலையில்லா ஊரில் மலைச் சைக்கிள்

"புதுச்சேரியில் மலை ஏது? மலைச் சைக்கிள் எதற்கு?" என்றாள் என் சம்சாரம். வாஸ்தவந்தான். ஆனால் ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டை மழை எப்படி அறுத்திருக்கிறதென்று அவள் பார்த்ததில்லை. சென்ற ஐப்பசியில் அந்தப் பள்ளங்களிலேதான் என் பழைய வண்டியின் அலுமினியச் சட்டம் விரிசல் கண்டது. அதைப் பற்றவைத்தால் மறுபடி சூளையில் பதப்படுத்தவேண்டும், யார் செய்வார்கள்? எஃகுக்கு அந்தத் தொல்லை குறைவு. பின்புறம் ஷாக் அப்சார்பர் இல்லாததால் தேயும் மூட்டுகளும் இல்லை. முன் ஃபோர்க் மட்டும் அமுங்கும். 160 மில்லிமீட்டர் வேண்டுமென்றான் பையன். முன்புறம் மட்டும் அவ்வளவு அமுங்கினால் வண்டி மூக்கைக் குத்துமே! வாத்தியாருக்கு 140 போதும்.

"கடற்காற்றில் எஃகு துருப்பிடிக்காதோ?" என்றாள் சம்சாரம்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சட்டக் குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.