முதலில் லாக் புக்கைக் காட்டு

வெளிநாட்டில் விமானி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் என்னிடம் முதலில் நீட்டுவது லைசென்ஸைத்தான். அமெரிக்காவில் படித்தவர் என்றால் பர்ஸில் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை. அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, லாக் புக் எங்கே என்று கேட்பேன். மலேசிய லைசென்ஸாக மாறப்போவது அந்த அட்டை இல்லை. லாக் புக்கில் வரிசை வரிசையாக எழுதியிருக்கும் மணிநேரங்கள்.

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கத்துப் பிள்ளைகள் இவர்கள். தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது பெற்றோர் லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்து தொழிற்சாலை வேலைக்குப் போனவர்கள். வீட்டை அடகு வைத்தும் சேமநிதிப் பணத்தை எடுத்தும் பிள்ளையை அனுப்புகிறார்கள். நம் கெடா மாநிலத்திலேயே, லங்காவியில், பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்தால் இந்த மாற்றல் வேலையே கிடையாது. ஆனாலும் வெளியே போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். அங்கே மாமா இருக்கிறார், வானம் தெளிவாக இருக்கிறது, படிப்பு சீக்கிரம் முடிகிறது என்று ஆளுக்கொரு காரணம். நான் தடுப்பதில்லை.

“உலகம் முழுக்கச் செல்லும்னு சொன்னாங்களே, கேப்டன்?” என்று பையனோடு வந்த அப்பா ஒருவர் கேட்டார். எல்லாப் பெற்றோர் மனத்திலும் இருக்கும் கேள்விதான். 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையில் இதற்குப் பதில் இருக்கிறது. விமானம் எந்த நாட்டில் பதிவானதோ, அந்த நாடு கொடுத்த அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட லைசென்ஸ்தான் வெளிநாட்டுப் பயணத்துக்குச் செல்லும் என்கிறது 32ஆம் பிரிவு. 9எம் என்று உடம்பில் எழுதிய விமானத்தை ஓட்ட மலேசியாவின் ஒப்புதல் வேண்டும். அதே பிரிவின் இரண்டாம் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. தன் குடிமகனுக்கு வேறொரு நாடு கொடுத்த லைசென்ஸைத் தன் மண்ணின் மேல் பறப்பதற்கு ஏற்க மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆக, வெளிநாட்டு லைசென்ஸ் பொய்யில்லை. இங்கே அது ஒரு சான்று, அனுமதி ஆகாது.

இனி லாக் புக். கமர்ஷியல் லைசென்ஸுக்கு உலக அளவில் வகுத்த குறைந்தபட்சம் 200 மணி நேரம். அங்கீகரித்த பாடத்திட்டத்தில் தொடர்ச்சியாகப் படித்தால் 150. அதற்குள் தலைமை விமானியாகப் பறந்தது 100 மணி, பாடத்திட்டத்தில் படித்தவருக்கு 70. தலைமை விமானியாக ஊர்விட்டு ஊர் பறந்தது 20 மணி. அதில் ஒரு பயணம் 540 கிலோமீட்டருக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நின்றதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கமான முறையில் படித்தவர் 250 மணியோடு வருகிறார். பார்த்தால் மிச்சமே இருப்பதுபோல் தெரியும்.

சிக்கல் தலைமை விமானிக் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க விதிப்படி, பிரைவேட் லைசென்ஸ் வாங்கிய மாணவர், தமக்குத் தகுதியுள்ள விமானத்தில் கட்டுப்பாட்டைத் தாம் ஒருவரே கையாண்டால், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து பாடம் நடத்தினாலும் அந்த நேரத்தைத் தலைமை விமானி நேரமாக எழுதிக்கொள்ளலாம். இன்ஸ்ட்ரக்டரும் அதே நேரத்தைத் தம் புத்தகத்தில் அப்படியே எழுதுவார். அங்கே அது முறையானது, யாரும் ஏமாற்றவில்லை. பிரிட்டிஷ் மரபில் வந்த நம் கணக்கில் ஒரு விமானத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு தலைவர்தான். பாடம் கேட்டுக்கொண்டு பறந்தது பயிற்சி நேரம். தோட்டத்துக் கிராணி எழுதும் செக்ரோல் பேரேட்டில் ஒரே வேலைக்கு இரண்டு பேருக்குப் பேர் விழாதே, அதுபோலத்தான்.

அதனால் மாணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் போகிறேன். செஸ்னா 172, புறப்பட்ட இடம், இறங்கிய இடம், 1.4 மணி. ‘பெற்ற பயிற்சி’ கட்டத்தில் 1.4, தலைமை விமானிக் கட்டத்திலும் 1.4. பென்சிலால் இரண்டாவதைச் சுழித்துவிடுகிறேன். அடுத்த வரி, கண்ணாடி மறைப்புப் போட்டுக் கருவிப் பயிற்சி செய்த நண்பனுக்குப் பாதுகாப்பு விமானியாகப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கும் சுழி. பக்கத்தின் கீழே கூட்டுத்தொகையை மாற்றி எழுதும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் விண்ணப்பத்தோடு பணம் கட்டிக் காத்திருந்து, பிறகு மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையத்திலிருந்து இதே பதில் வருவதைவிட என் மேசையில் தெரிவது நல்லது. குறைந்த மணிகளை இங்கே தனியாகப் பறந்து நிரப்பலாம். செலவுதான், வழி அடைபடவில்லை.

லைசென்ஸ் உண்மையானதா என்று அதைக் கொடுத்த நாட்டிடமே கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது அடுத்த கட்டம். இதில் தாமதமானால் கோபப்படாதீர்கள் என்பேன். 2020 ஜூனில் பாகிஸ்தான் அமைச்சர் ஒருவர் தம் நாட்டு விமானிகளில் 262 பேரின் லைசென்ஸ் சந்தேகத்துக்குரியது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். சில நாட்களில் மலேசிய ஆணையம் இங்கே வேலையிலிருந்த பாகிஸ்தான் லைசென்ஸ்காரர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. நேர்மையாகப் படித்தவர்களைக் கடைசியில் காப்பாற்றுவது லைசென்ஸ் கொடுத்த நாடு எழுதித் தரும் இந்தப் பதில்தான். மருத்துவப் பரிசோதனையையும் ஆங்கிலத் தேர்ச்சியையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேதி தவறாமல் முடித்துவிட வேண்டும்.

தேர்வுகளை அலட்சியம் செய்யக் கூடாது. அமெரிக்காவில் கமர்ஷியலுக்கு ஒரே எழுத்துத் தேர்வு. நம்முடையது ஐரோப்பிய பாணியில் சட்டம், வானிலை, வழிகாணல், எடைக் கணக்கு என்று தனித்தனித் தாள்களாகப் பிரிந்தது. அங்கே இன்ஸ்ட்ரூமெண்ட் ரேட்டிங்குக்குக் காலாவதித் தேதி இல்லை, ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச்சும் ஹோல்டிங் முதலான பயிற்சிகளும் செய்து பழக்கத்தைக் காட்டினால் போதும். இங்கே ஆண்டுதோறும் பரிசோதகர் முன்னால் பறந்து காட்ட வேண்டும்.

இதெல்லாம் வீண் அலைச்சல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் வானம் வேறு. ஃபுளோரிடாவின் சமவெளியில் பழகியவர் அலோர் ஸ்டாரிலிருந்து பினாங்குப் பக்கம் இறங்கி வரும்போது, கடலோரத்தில் தனியாக ஏறக்குறைய 4,000 அடி உயர்ந்து ஜெராய் மலை நிற்கிறது. மதியத்துக்கு மேல் அதன் தலை மேகத்துக்குள் போய்விடும். மலையைத் தேடக் கூடாது, மலைக்கு மேலான உயரத்தில் இருக்க வேண்டும். அலோர் ஸ்டாரை அடுத்த கெப்பாலா பத்தாஸில் விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி, தெற்கே பட்டர்வொர்த் படைத்தளம், வடக்கே தாய்லாந்து எல்லை. இவற்றுக்கிடையில் எங்கே அனுமதி கேட்க வேண்டும் என்பது விரல்நுனியில் இருக்க வேண்டும். அங்கே உயரமானியில் வைக்கும் பொது அழுத்தம் 29.92 அங்குலம், இங்கே 1013 ஹெக்டோபாஸ்கல். அங்கே 18,000 அடியில் உள்ளூர் அழுத்தத்திலிருந்து அதற்கு மாற்றுவார்கள், இங்கே 11,000 அடியில். கை பழகிப்போனதைச் செய்யும். அதைத் திரும்பப் பழக்கத்தான் இன்ஸ்ட்ரக்டரோடு சில பறப்புகள்.

இன்னும் கிளம்பாத பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. லாக் புக்கில் முதல் நாளிலிருந்தே தனியாக ஒரு பத்தி கோடு போட்டு, இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் நீங்களே தலைமை ஏற்றுப் பறந்ததை மட்டும் அதில் எழுதுங்கள். நூறு தொடும்வரை அந்தப் பத்தியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 540 கிலோமீட்டர் பயணத்துக்கு இறங்கிய நிலையங்களின் பெயரை முழுதாக எழுதுங்கள். ஊருக்கு விமானம் ஏறும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் தலைமை இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிவிடுங்கள். பயிற்சிப் பள்ளிகள் மூடப்படுவதுண்டு. அதன்பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.