ஏலமலையும் ஒரு நொதியும்

இராசிங்காபுரத்து வீதிகளில் விடியுமுன்னரே ஜீப்புகள் வந்து நிற்கும். போடிமெட்டு வழியே ஏலத்தோட்டஞ் செல்லும் ஆடவரும் பெண்டிரும் தூக்குச்சட்டியோடு ஏறுவர். அவருட் சிலர்க்கு அன்றைய வேலை மருந்தடித்தல். அம்மருந்து பூச்சியைக் கொல்லும் வழியாலேயே மனிதனையும் தாக்கவல்லது. அவ்வழி யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நரம்பானது தசையை ஏவுவது அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனத் தூதனைக் கொண்டேயாம். இவ்வாறு நரம்பு இரசாயனத்தால் பேசுகின்றதென்பதை 1921-ல் ஆட்டோ லூவி என்பார் இரு தவளை இருதயங்களைக் கொண்டு மெய்ப்பித்தார். ஒன்றன் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கி, அதனைச் சூழ்ந்த நீரை மற்றொன்றிற்கு வார்த்தார். அதன் துடிப்பும் தளர்ந்தது. 1936-ல் அவரும் ஹென்றி டேலும் நோபெல் பரிசு பெற்றனர்.

தூதன் செய்தியுரைத்தபின் அகலுதல் வேண்டும். அகலானேல் ஏவல் ஓயாது. அவனை அகற்றுவது அசிட்டைல்கோலினெஸ்ட்டரேஸ் என்னும் நொதி. நரம்புந் தசையுங் கூடுமிடத்தில் அமர்ந்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான தூதரைப் பிளப்பது அதன் தொழில். வாக்கியத்திற்கு முற்றுப்புள்ளி எத்தகையதோ, நரம்பின் மொழிக்கு இந்நொதி அத்தகையது.

குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் முதலிய நஞ்சுகள் இந்நொதியைப் பற்றி முடக்குகின்றன. அப்பொழுது கண்மணி சுருங்கும், உமிழ்நீர் பெருகும், தசை துடிக்கும், முடிவில் மூச்சும் அடங்கும். அட்ரோபின் தூதனது சொல் உறுப்புகள் பலவற்றை எட்டாதவாறு தடுக்கும். பிராலிடாக்சைம் காலத்தே கொடுப்பின் நொதியை விடுவிக்கும்.

நிற்க. நஞ்சு சிறுகச் சிறுகச் சேருங்கால் தலைநோவும் அயர்வுமே தோன்றும். உழைப்பாளி அதனை வெயிலின் கொடுமையென்று எண்ணி, மறுநாளும் ஜீப்பில் ஏறுவான். ஆயினும் அந்நொதி இரத்தத்தின் செவ்வணுக்களிலும் உண்டு. மருந்தடிக்குங் காலத்திற்கு முன்னும் இடையிலும் அதனை அளந்து பார்ப்பின், நோய் முற்றுமுன்னரே அபாயம் புலனாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1974 முதலே இச்சோதனையை விதியாக்கியுள்ளது.

ஏலத்தின் மணம் கடல் கடந்து செல்கின்றது. அதனை விளைவிப்போனுக்கு ஒரு துளி இரத்தச் சோதனையும், கையுறையும், முகமூடியும் அளித்தல் தருமமன்று, கடனேயாம். பிறனைத் தன்னைப்போல் நேசிக்கக் கற்பிக்கப்பெற்ற நாம், அவன் மொழியிலேயே இவ்வுண்மையை எடுத்துரைப்பதை முதற்றொண்டாகக் கொள்வோமாக.