ஒருவர் தோளில் பன்னிரண்டு வீடு

ஸ்ரீரங்கத்தில் மாம்பழச்சாலை, அம்மா மண்டபம் பக்கத்திலும், காவிரிக்குத் தெற்கே தில்லைநகர், புத்தூர் பக்கத்திலும் உள்ள அடுக்குமாடிகளில் பல, எட்டு, பன்னிரண்டு, இருபது வீடுகள் கொண்ட சிறு கட்டடங்கள். மேலாளர் வைத்துக்கொள்ள அவற்றுக்கு வசதி இல்லை. ஒரு வாட்ச்மேன், படிக்கட்டு பெருக்க ஓர் அம்மா, இவர்களுக்கு மேலே சம்பளமில்லாத ஒரு செயலாளர். இரண்டு வருடத்தில் அவர் களைத்துப்போய் "இனி வேறு யாராவது பாருங்கள்" என்கிறார். பொதுக்குழுவில் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். பொதுக்காரியத்தில் மக்களுக்கு அக்கறை போய்விட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அசோசியேஷன் வேலையை உள்ளிருந்து பார்க்கிறவர்களால் அதை ஏற்க முடியாது. சித்திரைத் தேருக்கு வரும் கூட்டத்துக்கு நீர்மோர் ஊற்ற ஆள் கேட்டால் உடனே கிடைக்கிற ஊர் இது. நீர்மோர் ஊற்றுபவருக்குத் தன் வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும், எதுவரை தன் பொறுப்பு என்பது தெரியும். செயலாளருக்கு இம்மூன்றும் தெரியாது. எல்லை இல்லாத வேலைக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள்.

அந்த எல்லையின்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு வீட்டில் மாதாமாதம் மெயின்டனன்ஸ் வசூலித்தால் வருடத்துக்கு 144 வசூல். நினைவூட்டுவது, ரசீது கொடுப்பது, தராதவரிடம் மறுபடி கேட்பது எல்லாம் 144 தடவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பணமாக வாங்கினால் அது 48 ஆகிறது; வருடத்துக்கு ஒருமுறை என்றால் 12. தொகை மாறவில்லை, யாருக்கும் கூடுதல் செலவில்லை; வேலை பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு ஒரே தவணை கடினம் என்றால் வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்து மாதாமாதம் தானாகப் போகச் செய்யலாம். இதைவிட அதிகம் களைப்பூட்டுவது, ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப எடுப்பது. மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக் கூரைக்கு நீர் கசிகிறது, செலவு யாருடையது? சம்ப் மோட்டார் எரிந்துபோனால் யாரைக் கேட்டுப் பழுது பார்ப்பது? காலி வீட்டுக்கும் முழு மெயின்டனன்ஸா? ஒவ்வொரு முறையும் புதிதாக வாதம், புதிதாக மனக்கசப்பு, அத்தனையும் ஒருவருடைய கைபேசி வழியாக. ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு, பல வீடுகளுக்குப் பொதுவான நெட்டுக்குழாய் சங்கத்தின் பொறுப்பு என்று ஒரு தடவை தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், அடுத்த கசிவில் செயலாளர் நீதிபதியாக உட்கார வேண்டியதில்லை. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து காட்டினால் போதும்.

இப்படிச் சில்லறை வேலையில் ஆள் தேய்ந்துபோனால் பெரிய வேலை நழுவுகிறது. 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான அசோசியேஷன் ஆண்டுதோறும் கணக்கும், நிர்வாகிகள் மாறினால் அந்த விவரமும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். லிஃப்ட் இருந்தால் அதற்கு உரிமம் வேண்டும். மாடிப்படி விளக்கு, மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு 2022-இல் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஆனபோது எல்லோரும் குமுறினோம். 2023 அக்டோபரில், பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அது 5 ரூபாய் 50 காசாகக் குறையும் என்று அரசு அறிவித்தது. அன்றைய கட்டணப்படி, இரண்டு மாத பில்லில் 400 யூனிட் வந்தால் மிச்சம் 1,000 ரூபாய். தங்கள் கட்டடம் அதில் வருகிறதா என்று பில்லை எடுத்துப் பார்க்க ஒருவருக்கு அரைமணி நேரம் வேண்டும். மோட்டார் போட்டாயா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த அரைமணி கிடைப்பதில்லை. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழிசெய்கிறது. அந்த நாள் வரும்போது பத்திர நகல், வரைபடம், உறுப்பினர் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

வேலையைப் பிரிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கம் கோயில் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு, ஐந்தாக இருந்த கைங்கரியக் கொத்துகளை, அதாவது பணியாளர் பிரிவுகளை, ராமானுஜர் பத்தாக்கினார் என்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். பதவி 360 நாள். இருந்தவர் மூன்றாண்டு ஒதுங்கி இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வர முடியாது. பன்னிரண்டு வீட்டுக்கு அத்தனை வாரியம் தேவையில்லை. தண்ணீர், மின்சாரம், பணம், கடிதம் என்று நான்கு போதும். உள்ளூரில் ஆள் இல்லை என்பார்கள். பூட்டிக்கிடக்கும் வீடுகளின் உரிமையாளர்கள் சென்னையிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் மோட்டாருக்கும் வாட்ச்மேனுக்கும்தான் நேரில் ஆள் வேண்டும். வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, பில் கட்டுவது, வருடக் கணக்கு எழுதுவது, பதிவாளருக்கான படிவம் தயாரிப்பது எல்லாவற்றையும் அயலூரில் இருந்தே செய்யலாம். மெயின்டனன்ஸ் அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று இருப்பவரிடம் இதை உரிமையோடு கேட்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரையும் விட்டுவிடக் கூடாது; ஓட்டு இல்லாவிட்டாலும் தொட்டியில் நீர் இல்லை என்பதை முதலில் அறிபவர் அவர்தான்.

ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். நூறு வீடு உள்ள வளாகத்துக்கு அது சரி. சிங்கப்பூரில் நிர்வாக முகவர்களை அமர்த்துவது சாதாரணம். பன்னிரண்டு வீடு அந்தச் சம்பளத்தைத் தாங்காது. தாங்கினாலும், விதி எழுதாத கட்டடத்தில் அந்த முகவரும் எல்லாவற்றுக்கும் செயலாளரைத்தான் கூப்பிடுவார். செயலி வைத்தாலும் இதே கதை. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: 5,000 ரூபாய் வரை அந்தந்தப் பிரிவின் பொறுப்பாளர் தாமே செலவு செய்யலாம் என்று அனுமதித்தால் பணம் கைமாறிப் போகாதா? போகலாம். அதற்காக ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒப்புதல் கேட்கவைத்தால் நேர்மையானவர்தான் முதலில் விலகுவார். மாதம் 5-ஆம் தேதி, போன மாத வரவு செலவும் பில் நகலும் மாடிப்படிப் பலகையில் ஒட்டப்படட்டும். எல்லோர் கண்ணிலும் படும் கணக்கில் தவறு நெடுநாள் தங்காது.

அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் பெயரை முன்மொழிவதற்கு முன், ஒரு தாள் எடுத்து, இந்த வருடம் அவர் செய்ய வேண்டாத வேலைகளை முதலில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறொருவர் பெயர் வரட்டும். பிறகு தேர்தலை நடத்துங்கள்.