கண்ணாடிக்குள் ஐவர்

சண்டைமீனின் ஆண்கள் இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் குதறிவிடும் என்பது யாவரும் அறிந்ததொன்று. பெண் மீன்கள் சாதுவானவை என்பது யாவரும் நம்புவதொன்று. “பொம்பிளை மீன்கள்தானே தங்கச்சி, ஒண்டும் செய்யாது” என்று கடைக்காரர் கூறியபோது அந்த மாணவியும் நம்பினாள். ஐந்து பெண் மீன்களை வாங்கிவந்து, வீட்டு விறாந்தையிலிருந்த 25 லீற்றர்த் தொட்டியில் விட்டாள்.

முதல் மூன்று நாட்களும் துரத்தல் ஓயவில்லை. மீன்கள் செவுள் மூடிகளை விரித்து நேருக்கு நேர் நின்றன, செட்டைகள் கிழிந்தன. நான்காம் நாள் யாவும் அடங்கின. கருநீல மீனொன்று நடுவே உலவ, மூன்று அதற்கு வழிவிட்டு ஒதுங்கின. ஐந்தாவதான இளஞ்சிவப்பு மீன் மூலையொன்றில் அசையாது நின்றது.

“இப்ப நல்ல ஒற்றுமையாய் இருக்குதுகள்” என்றாள் தாய். மகளும் மகிழ்ந்தாள். மூலையில் நின்ற மீனின் விலாவிலே தலையிலிருந்து வால்வரை கரிய கோடுகள் தோன்றியிருந்தன. அவற்றை அவள் அழகென்றே எண்ணினாள். இரண்டு கிழமைகளின் பின் ஒரு காலையில் அம்மீன் இறந்து மிதந்தது.

அதன் பின்னரே அவள் நூல்களைத் தேடினாள். வெளிறிய உடலில் கிடையாக ஓடும் அக்கோடுகள் அச்சத்தின் அடையாளம் என்பதை அறிந்தாள். இம்மீன் செவுளால் மட்டும் உயிர்வாழ்வதில்லை. இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்து காற்றை உட்கொள்ள வேண்டும். அந்த ஒவ்வொரு மூச்சுக்கும் இளஞ்சிவப்பு மீன் மற்றவற்றைக் கடந்தல்லவா வந்திருக்கும்!

1910 ஆம் ஆண்டில் ரீகன் என்னும் அறிஞர் இதற்குப் ‘பெற்றா ஸ்பிளென்டென்ஸ்’ என்று பெயரிட்டார். 2019 இல் தாய்லாந்து இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அந்நாட்டார் இதனைப் ‘பிளா கட்’, அதாவது கடிக்கும் மீன், என்பர். அப்பெயரில் ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை. நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காப்பது ஆணே. முட்டைகளைத் தின்றுவிடக்கூடும் என்பதால் பெண்ணை அது விரட்டிவிடுகிறது. பெண்மைக்கு மனிதர் வகுத்த சாந்தத்தை மீன் அறியாது.

ஆயினும் பழி முழுவதையும் மீனின்மீது சுமத்துதல் தகாது. இதன் தாயகம் தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும். அங்கே தோற்ற மீன் புல்லிடையே ஓடி மறையும். சண்டை அத்துடன் தீரும். தொட்டியில் ஓடும் திசையெல்லாம் கண்ணாடி. தோற்றது தோற்ற இடத்திலேயே, வென்றதன் கண்ணெதிரே, நாள்தோறும் வாழவேண்டியிருக்கிறது.

அவள் 80 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றைத் தேடிப் பெற்றாள். ஒன்றையொன்று எந்நேரமும் காணாதபடி நீர்ச்செடிகளை அடர்த்தியாக நட்டு, உடைந்த மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்தாள். பழைய எல்லைகளை எதுவும் உரிமை கோராதவாறு நான்கையும் ஒரே வேளையில் விட்டாள். அப்படியும் கருநீல மீன் அடங்கவில்லை. தனியே வாழ்வது இம்மீனுக்குத் தண்டனையன்று என்பதை அறிந்திருந்தமையால், அதனைப் பழைய தொட்டிக்கு மாற்றினாள். எஞ்சிய மூன்றும் இன்றும் அவ்வப்போது துரத்திக்கொள்கின்றன; துரத்தப்பட்டது செடிக்குள் மறைந்து, சற்றுப் பொறுத்து வெளியே வருகிறது.

அண்மையில் ஒருநாள், “இப்ப ஒற்றுமைதானே?” என்று தாய் மீண்டும் கேட்டாள். மகள் உடனே விடை கூறவில்லை. உணவைத் தூவிவிட்டு, வராமல் நிற்பது எது என்று மூலைகளைப் பார்த்தாள்.