பாலைவனத்துல பண்டிகை... காட்டுப்பள்ளியில தண்ணி!

செமஸ்டர் லீவுல எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்ப, நான் போனது காட்டுப்பள்ளிக்கு. சிரிக்காதீங்க பாஸ்! கூட வந்தது எங்க திருவொற்றியூர் தெரு அக்கா. இஸ்ரேல்ல, நெகேவ் பாலைவனத்துல இருக்கிற பீர்ஷெபாவில ஆராய்ச்சிப் படிப்பு முடிச்சு 2023 ஆரம்பத்துல ஊர் திரும்பினவங்க. பைபிள்ல 'பெயெர்செபா'ன்னு வருமே, அதே ஊர்தான்.

மீஞ்சூர் வரைக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயின். அப்புறம் ஷேர் ஆட்டோ. முன்னாடி, பின்னாடி, எங்கே பார்த்தாலும் கன்டெய்னர் லாரி. அதைப் பார்த்ததும் அக்கா 2022 அக்டோபர் கதையை ஆரம்பிச்சாங்க.

"அங்கே யோம் கிப்பூர்னு ஒரு நோன்பு நாள்டா. 25 மணி நேரம் பச்சைத் தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. ரோட்ல வண்டியே ஓடாது. ஹைவேல சின்னப் பசங்க சைக்கிள் விடுவாங்க!"

எண்ணூர் ரோட்ல அப்படி ஒரு நாள்... நினைச்சுப் பாருங்க!

அஞ்சே நாள்ல அடுத்த பண்டிகை, சுக்கோத். தமிழ் பைபிள்ல கூடாரப் பண்டிகை. எகிப்தை விட்டு வந்த முன்னோர் 40 வருஷம் பாலைவனத்துல அலைஞ்ச ஞாபகமா, வாசல்லயோ பால்கனியிலயோ குடிசை போட்டு ஏழு நாளும் அங்கேதான் சாப்பாடு. மேலே ஓலைக் கூரை. இடுக்கு வழியா நட்சத்திரம் தெரியணுமாம்! பேரீச்சங்குருத்தும், நம்ம நார்த்தங்காய் மாதிரி ஒரு பழமும் கையில வச்சு ஜெபம் பண்ணுவாங்க. கூடப் படிச்ச பொண்ணு வீட்டுக் குடிசையில சாப்பிட்டப்ப, அக்காவுக்கு நம்ம ஊர் கல்யாணப் பந்தல் ஞாபகம் வந்துச்சாம்.

ஏழு நாள் முடிஞ்ச மறுநாள், மழைக்காகப் பிரார்த்தனை. நம்ம ஐப்பசி அடைமழைக்குக் காத்திருக்கிற அதே சீசன்!

அடுத்த வருஷம் அந்த மழைப் பிரார்த்தனை நாள், 2023 அக்டோபர் 7. அன்னிக்குத்தான் ஹமாஸ் தாக்குதல். தொடர்ந்து காசா போர். இதைச் சொல்லிட்டு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "காசாவில ஜனங்க தண்ணிக் கேனோட க்யூவில நின்னதை டிவியில பார்த்தேன். நம்ம தெருதான் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

எனக்கும் ஞாபகம் இருக்கு. 2019-ல ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்ததே! அப்போ நான் ஸ்கூல் பையன். லாரிச் சத்தம் கேட்டா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் அம்மா குடத்தோட ஓடுவாங்க.

காட்டுப்பள்ளி வந்தாச்சு. 2010-ல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை வெளியே நின்னு பார்த்தோம். தினம் 10 கோடி லிட்டர் திறன். விஷயம் நம்ம வீட்டு ஆர்.ஓ. மாதிரிதான். கடல் தண்ணியை, கார் டயர் காத்தைவிட சுமார் 25 மடங்கு அழுத்தத்துல சவ்வு வழியா தள்ளணும். ஆயிரம் லிட்டருக்கு மூணு, நாலு யூனிட் கரன்ட். அந்தச் சவ்வை 1960 வாக்கில் கலிபோர்னியாவில் உருவாக்கியவங்க சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். லோப் பிறகு எங்கே போய்ப் பாடம் எடுத்தார் தெரியுமா? அக்கா படிச்ச அதே பீர்ஷெபாவில!

"அங்கே வருஷத்துக்கே சுமார் 20 சென்டிமீட்டர் மழைடா. சென்னைக்கு 140. 2023 மிக்ஜாம் புயல்ல ரெண்டே நாள்ல 40-க்கு மேல கொட்டுச்சு. அவங்க ரெண்டு வருஷ மழை! கொசஸ்தலையாறு வழியா எண்ணூர்ல கடலுக்கு அனுப்பிட்டு, அப்புறம் கரன்ட் செலவு பண்ணி அதே கடல்ல இருந்து இழுக்கறோம்."

பதில் சொல்லத் தெரியலை.

வீட்டுக்கு வந்ததும் எங்க மழைநீர் சேகரிப்புக் குழியைத் தேடினேன். 2003-ல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினாங்களே, அதுதான். மேலே அப்பாவோட பைக். உள்ளே முழுக்க மண். ஐப்பசிக்கு முன்னாடி தூர் வார்றதா அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.

உங்க ஹாஸ்டல்ல அந்தக் குழி எங்கே இருக்கு... தெரியுமா பாஸ்?