ஆற்றில் போட்ட பொன்

வெள்ளி விழாக் கோப்பைகள் அவை. எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், அகல்விளக்கும் பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்துவந்த ஒரு பட்டறைக்கு வந்த பள்ளிக்கூட ஆர்டர். வாசகத்தை யாரோ பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார்கள். வெளியூர் அச்சகம் அதை ஒருங்குறிக்கு மாற்றி, டிரான்ஸ்பர் தாளில் அச்சடித்து அனுப்பியது. கிளேஸ் மேல் ஒட்டி, 800 டிகிரி வாக்கில் சுட்டு எடுத்தபோதுதான் தெரிந்தது: ‘வெள்ளி’ நடுவே ஒரு புள்ளிவட்டம் குந்தியிருந்தது. சுட்டபின் சுரண்டியா எடுக்க முடியும்?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் கண்ணில் படும் வடிவங்களையே வரிசையாக அடுக்கின. முதலில் கொம்பு, அடுத்து வ, அடுத்து ள. ஒருங்குறியில் வ முதலில் வரும், கொம்பு அதன் பின்னால். மாற்றும் நிரல் இந்த இடத்தை மாற்றிவைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் ளகரமும் ஔகாரக் குறியின் வலப்பாதியும் பாமினியில் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று மூன்றைக் கண்டதும் அவசரக்கார நிரல் ‘வௌ’ என்று முடிவுகட்டிவிடும். மிச்சமிருக்கும் புள்ளி அந்தரத்தில் தொங்கும். சில கணினிகளில் அது சரியாகவே தெரியும் என்பதுதான் கொடுமை. வேறொரு கணினியில் திறக்கும்போதுதான் வட்டம் முளைக்கும். இன்றும் இணையத்தில் ‘வௌியீடு’, ‘வௌியே’ என்று எத்தனையோ பக்கங்கள் கிடக்கின்றன. எங்கள் ஊர் மணிமுத்தாறு போய்க் கலக்கும் வெள்ளாறும் அப்படி ‘வௌ்ளாறு’ ஆகியிருந்தால், தேடுகிறவர் கைக்கு அகப்படாது.

டி.டி.பி. கடைகளில் நான் உட்கார்ந்து கழித்த காலம் நினைவுக்கு வருகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஓடும். பாமினியில் மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி, இகரத்துக்குக் காற்புள்ளி. காற்புள்ளியால் கட்டம் பிரிக்கும் பட்டியலாக அதை இன்னொரு கணினிக்குக் கொடுத்தால் இளங்கோவன் இரண்டாகப் பிளந்து, அப்பா பெயர் முகவரிக்கும் முகவரி ஊருக்கும் நகர்ந்துவிடும். எங்கள் ஊர்ப் பெயர் பாமினியில் 11 பைட். ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் 36. முப்பது பைட் மட்டும் ஒதுக்கிய பழைய கட்டத்தில் ‘விருத்தாசல’ என்று தலை தப்பி, கடைசி மகரமெய் காணாமல் போகும். ஒருங்குறிக் கோப்பை ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எல்லாம் கேள்விக்குறி, திருப்பி எடுக்கவே முடியாது.

இதை யாரும் கவனிக்காமல் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. இணையத் தமிழர்கள் கூடி டிஸ்கி என்ற குறியீட்டை உருவாக்கியிருந்தார்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய நூல்களைத் தட்டச்சு செய்து முதலில் ஒரு எழுத்துருவிலும், பிறகு டிஸ்கியிலும், அதன்பின் ஒருங்குறியிலும் தந்தது. அந்தத் தன்னார்வலர்களின் பொறுமைக்கு நாம் பட்ட கடன் பெரிது. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். ஆகிய மாற்றி நிரல்கள் இல்லையென்றால் எத்தனையோ பேரின் எழுத்து பழைய எழுத்துருவோடு புதைந்திருக்கும். தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 என்ற குறியீட்டையும் 2010-இல்தான் ஏற்றது.

ஓரிடத்தில் போட்டதை வேறிடத்தில் எடுப்பது பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறொரு கதை தெரியும். முதுகுன்றம் என்ற எங்கள் ஊரில் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடும் பழமொழி அங்கிருந்துதான் என்பார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. போடுமுன் மாதிரிக்கு ஒரு துண்டு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. வந்துசேர்ந்ததே போதும் என்று அவர் விடவில்லை.

கோப்பை விஷயத்தில் மச்சமும் ஏமாற்றும். ‘வௌ்ளி’யை மறுபடி பாமினிக்குத் திருப்பினால் மூலத்தில் இருந்த அதே விசைகள் அச்சுப் பிசகாமல் வரும், இரண்டும் ஒன்றே என்று கணினி சாதிக்கும். அதனால் வேறு உரைகல் வேண்டும். ஔகாரக் குறிக்குப் பின்னால் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ தமிழில் வராது. மாற்றிய கோப்பில் அப்படி எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை தேடினால் வௌ்ளியும் வௌியும் மொத்தமாகச் சிக்கும். ‘கௌரி’ போல மெய் தொடர்ந்தால் பெரும்பாலும் ஔகாரமே சரி. மிச்சத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மூலக் கோப்பை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். டி.டி.பி. கடையை மூடும்போது பழைய சி.டி.க்களைக் காயலான் கடைக்குப் போடுகிற நண்பர்களிடம் இதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: மாற்றியது தவறென்று நாளை தெரியவந்தால், திரும்பிப் போக அது ஒன்றுதான் இருக்கும்.